தொட்டில் கயிறும் பயற்றங்கஞ்சியும்

மாலை நாலு பத்துக்கு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்போதே எல்லாம் கெட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம். அப்பா போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையோ ஜாலான் பெண்டஹாரா தெருவில் தையல்காரரிடம் கிடந்தது. போய் வாங்கி வர நாலு நாளாக அப்பா மறந்துகொண்டே இருந்தார். கடைசியில் அம்மாதான் போகவேண்டியதாயிற்று.

அடுப்பில் பயற்றங்கஞ்சி. தேங்காய்ப்பாலும் குலா மலாக்கா வெல்லமும் விழுந்தபின் கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, உத்தரத்துச் சுருள்கம்பியில் சாரோங் துணியைக் கட்டிய தொட்டில். அதில் ஏழு மாதத் தம்பி. சமையலறையில் எதற்குத் தொட்டில் என்று இன்று கேட்கலாம். தொட்டிலில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனி வளையத்தைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வாள் அம்மா. கை கிண்டும், கால் ஆட்டும். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்க அவள் கண்டுபிடித்த வழி அது.

அன்று அந்த வளையம் என் விரலுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது.

"கையும் நிக்கக் கூடாது, காலும் நிக்கக் கூடாது. தெரியுதா?"

"தெரியும்மா, போங்க."

தெரியும்தான். பிள்ளைகளுக்கு எதுதான் தெரியாது? போன வாரம் என் மகளுக்கும் தெரிந்தே இருந்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்தில் தொலைபேசியில் தோழியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய் அணைப்பதற்குள் சுவர் கருகிவிட்டது. கத்தித் தீர்த்தேன். "உங்களுக்குச் சட்டிதாம்மா முக்கியம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று என்னைக் கெடுத்தது ஒலிபெருக்கி கட்டிய வேன். தெருப் பிள்ளைகள் சுதந்திரத்தை மலாயில் "மெர்டேக்கா!" என்று கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் என்ன? வளையத்தைக் கழற்றினேன். திரும்பி வந்ததும் கைக்கு எட்டவேண்டுமே என்று, அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகின் முனையில் மாட்டினேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாகவே நினைப்பு.

வேன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன். கொடி ஒன்று கிடைக்குமா என்று அதற்குமேலும் கொஞ்சம் நின்றேன்.

"அப்பி! அப்பி!"

நெருப்பு, நெருப்பு என்று பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளின் குரல். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த செட்டிகள்; தமிழ் வராது அவருக்கு, மலாய்தான். அத்தை என்பதுபோல மக்சிக் என்போம். தீய்ந்த வாடை பிடித்துப் பின்வாசல் வழியாக நுழைந்திருக்கிறார். நான் ஓடி வந்தபோது விறகில் பற்றிய நெருப்பு கயிற்றில் பாதி தூரம் ஏறியிருந்தது. அவர் வெறுங்கையால் கயிற்றை வெடுக்கென்று அறுத்துக் காலால் மிதித்தார். தம்பியை அள்ளிக்கொண்டார். அவன் தூக்கம்கூடக் கலையவில்லை.

"மாத்தா லெத்தாக் மானா?" கண்ணை எங்கே வைத்தாய் என்று என்னைக் கேட்டுவிட்டு, பிள்ளையோடு வாசலைத் தாண்டித் தெருமுனைக்கே போய்விட்டார், அம்மா வரும் வழியைப் பார்க்க.

நான் என்ன செய்தேன்? அடிப்பிடித்துக் கருகிய கஞ்சிச் சட்டியை இறக்கி, உட்கார்ந்து சுரண்டினேன். கருப்பு போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

அம்மா ஓடி வந்தாள். கையில் சட்டை இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. செருப்பைத் தொலைத்த ஆள் என்னைத் திட்டப்போகிறாளா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் வெறும் தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுக்குப் பிள்ளையைவிடச் சட்டிதான் பெரிது என்று அன்று முடிவு கட்டி, வெகுகாலம் அந்தக் கோபத்தைச் சுமந்தேன். தம்பியோடு மக்சிக் நின்ற தெருமுனையைத் தாண்டாமல் அவள் வீட்டுக்கு வந்திருக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்து, கரி அப்பியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"புதுச் சட்டிடி... பாவி, புதுச் சட்டிடி அது!"