பனா சோலாவின் பூட்டில்லாத பாட்டுகள்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, கீரையில் இடித்துப் போட நிலக்கடலை உரித்ததுதான். நடுவில் பக்கத்து வீட்டுக்காரியின் மடிக்கணினி. அதில் பாட்டுக் கேட்கும் செயலி இறங்கிக்கொண்டிருந்தது. உரித்ததில் பாதி அம்மாவின் வாய்க்குள் போனது.

“கீரைக்கு மிஞ்சுமாம்மா?”

“நீ உரிடி. என் வாயைப் பார்க்காத.”

அடுத்த வாரம் அம்மா இல்லை.

கிட்வே என்ற சுரங்க நகரின் சந்தையில் பழைய துணி விற்றவள். சோலாவின் அம்மா என்பதால் ஊருக்கே பனா சோலா. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. குழுவின் பாட்டுகளெல்லாம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் பதிவாகியிருந்தன. நிறுவனம் மூடிப்போனது. பழைய கணினியும் செத்தது. புதுக் கணினியில் ஒரு பாட்டும் திறக்கவில்லை. அனுமதி கேட்டது. கொடுக்க ஆளில்லை.

“பாடினது நாங்க. என் தொண்டைக்கு எவன்டி பூட்டுப் போட்டது?”

சுரங்க அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சோலாவாலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. ‘ஆக்’ என்ற திறந்த ஒலிக்கோப்பு வடிவத்தைக் காட்டினாள். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. யாரும் காசில்லாமல், அனுமதியில்லாமல் பதியலாம், கேட்கலாம். அம்மா எழுந்து போய்க் குழுவைக் கூட்டினாள். தொலைந்த பாட்டுகள் அத்தனையையும் மறுபடி பாடவைத்துப் பதிந்தாள்.

அதோடு விடவில்லை. சட்டைக்குப் பேரம் பேச வந்தவர்களின் போனைப் பிடுங்கி ஆக் பாட்டைக் கேட்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். “விலையைக் குறைக்க மாட்டேன், இதை வேணா சும்மா வாங்கிக்க” என்பாள்.

ஈஸ்டருக்கு ஊர் வானொலி பாடகர் குழுக்களை ஒலிபரப்பும். அங்கே ஒலிப்பதிவாளரான ஜெரே ஆக் வடிவத்தை வாங்க மறுத்தார். ஒன்று, பாட்டை வேறொரு நிறுவனத்தின் வடிவத்தில் மறுபடி பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஊருக்குக் கேட்காது.

ஜெரே ங்கோனி இனத்தவர். பெம்பா இனத்து அம்மாவுக்குக் கேலி முறை. என்ன சொன்னாலும் ஒருவர் மேல் ஒருவர் கோபப்படக் கூடாது. அம்மா சோலாவையும் கூட்டிக்கொண்டு நேரே வானொலி நிலையத்துக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எலி தின்னி, எங்க தாத்தா உங்களைத் துரத்தினப்போ நீங்க போட்டுட்டு ஓடின நாற்காலி இது.”

“குரங்கு தின்னிக்கு நாற்காலி எதுக்கு? போய் மரத்துல உட்காரு.”

“என் பாட்டு ஓடட்டும், போறேன்.”

“எங்க மெஷினுக்கு அது தெரியாது, பனா சோலா.”

“உனக்குத் தெரியாதுன்னு சொல்லு. பாவம், மெஷின் மேல பழி போடாத.”

செய்தி நேரம் வந்தது. ஜெரே நின்றுகொண்டே வேலை பார்த்தார். செய்தி வாசித்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். கடைசியில் அவரே சோலாவைப் பார்த்து, “போட்டுத் தொலைம்மா” என்றார். அவள் செயலியை நிறுவினாள். பாட்டு முதல் அடியிலேயே அறையை நிறைத்தது.

ஈஸ்டரன்று சந்தையில் கடைக்குக் கடை வானொலியில் அந்தக் குரல்கள். ஜெரே வானொலியிலேயே அறிவித்தார்: “இனிமே எல்லாக் குழுவும் ஆக்லயே கொண்டாங்க. பூட்டோட வந்தீங்கன்னா பனா சோலாவை உங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன்.” குழுக்கள் வரிசையாக வந்தன. துணிக்கடையில் அம்மா ராணி மாதிரி உட்கார்ந்து ஒவ்வொருவரின் பாட்டையும் ஆக்குக்கு மாற்றிக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், சனிக்கிழமை, அம்மாவின் போன் அடித்தது. சோலா எடுத்தாள். பக்கத்து ஊரான லுவான்ஷியாவின் பாடகர் குழுத் தலைவர் ம்விலா. அவர்கள் பாட்டும் அதே பூட்டுக்குள் இருந்தது. அவர்களுடைய பழைய கணினிக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்தது. அது ஓடும்போதே பாட்டுகளை ஓடவிட்டுப் புதிதாகப் பதிந்து தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மா இறந்த செய்தி அவருக்கு எட்டவில்லை.

“கணினியை அணைக்கவே இல்லம்மா. அணைச்சா எழுந்திருக்காதோன்னு பயம். பனா சோலா சனிக்கிழமை வரேன்னாங்களே, கிளம்பிட்டாங்களா?”