ஆணியில் தொங்கிய கார்டு

"பழசைக் குடுத்துட்டுப் புதுசை எடுத்துட்டு வரேம்ப்பா" என்று மகள் கேம் மிஷினைப் பையில் போட்டாள். நான் வாசல் வரை பின்னாலேயே போனேன்.

"நீ ஆடி வச்சதெல்லாம் புதுசுல வருமான்னு கேட்டியா?"

"அதெல்லாம் வரும்ப்பா. பயப்படாதீங்க."

அவள் போய்விட்டாள். மிஷினின் சூடான பிளாஸ்டிக் வாசனை மட்டும் நின்றது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில் நானும் மச்சானும் நடத்திய கேம் சென்டரின் வாசனை அது. பத்தாவதோடு நின்றவன் நான். ஆள் முகம் பார்த்துப் பேச வராது. மிஷின் என்றால் தைரியம்.

ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர, ஆளுக்கொரு மெமரி கார்டு. பாதித் தீப்பெட்டி அளவு இருக்கும். பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டி, கயிறு கட்டி ஆணியில் மாட்டுவோம்.

செல்வம் அண்ணனுக்கும் ஒன்று இருந்தது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். ஞாயிறானால் பஸ் ஏறி வந்துவிடுவார், காது மடலில் வெள்ளைத் தூசியோடு. இங்கேயும் கார் ரேஸ்தான். "இங்கயாச்சும் லோடு இல்லாம ஓட்டுங்கண்ணே" என்பான் மச்சான். இரண்டு வருட ஆட்டம். கடைசிப் பந்தயம்தான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் பழைய மிஷின்களைத் திருச்சியில் கொடுத்துப் புதிது வாங்கினேன். பழைய டிஸ்க் ஓடும் என்றார்கள். கார்டைப் பற்றியும் கேட்க வாயெடுத்தேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள், கூச்சம். ஊருக்கு வந்து பார்த்தால் டிஸ்க் ஓடியது. கார்டு சொருக இடமே இல்லை. பழையவை அதற்குள் கைமாறியிருந்தன.

மற்றவர்கள் திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆட உட்கார்ந்தார்கள். அண்ணனிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. "உங்க மிஷின் சர்வீஸுக்குப் போயிருக்குண்ணே" என்றேன். தலையாட்டினார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். சனிக்கிழமையே எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது ஞாயிறு, அவரே கார்டை எடுத்துக் கையில் புரட்டினார்.

"தம்பி, புது மிஷின்ல இது சொருவுற ஓட்டை இல்லன்னு மொத வாரமே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் வந்துட்டிருந்தேன்."

கார்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினார். பிறகு வரவில்லை. தேடிப் போகவும் எனக்குத் துணிவில்லை.

அந்த மாடியில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. கார்டு என் பீரோவில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க இந்த ஊரில் ஒரு மிஷின் இல்லை. மகளுக்கு மூன்றாவது முறையாகப் போன் போடுகிறேன். இந்த ஒரு கேள்வியை இப்போது யாரிடமும் கூசாமல் கேட்பேன். அன்று கேட்டிருக்க வேண்டிய கடையும் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய ஞாயிறும் இல்லை.