தூசி அண்ணனின் விசை

வலது கையின் ஆள்காட்டி விரல் விசையின் மேல் போய் உட்கார்கிறது. இடது கை துப்பாக்கியின் அடிக்கட்டையை மேசையோடு அமுக்கிப் பிடித்திருக்கிறது. கண்கள் மூடிக்கொள்கின்றன. விரல் கொஞ்சம் பின்னால் வந்து, சுவரில் முட்டியதுபோல ஓரிடத்தில் நிற்கிறது. அங்கேயே நின்று யோசிக்கிறது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். கண்கள் திறக்கின்றன.

"மணல் இருக்கு," என்கிறார்.

துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் மணல் இருக்கும் திசைக்கே போகவில்லை என்று சத்தியம் செய்வார். இவர் மறுக்க மாட்டார். விசைப்பெட்டியைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் தட்டுவார். மணல் விழும். ஒரே ஒரு மணிதான் விழும், ஆனால் விழாமல் இருக்காது.

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர். யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தூசியா, எண்ணெயா, இல்ல நீங்களா?" விசை கெடுவதற்கு நாலாவது காரணம் உண்டு என்று அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

பிழைப்புக்கு அவர் பார்ப்பது கடைத் தராசுகளைப் பழுது நீக்கும் வேலை. கிளப்பில் சேர்ந்தது மற்றவர்களைப்போல் அட்டையில் ஓட்டை போடத்தான். சேர்ந்த கொஞ்ச நாளில் அவருடைய விசை மக்கர் செய்தது. சரி செய்ய ஆள் இல்லை. தானே திறந்தார். உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிக் குதித்துக் காணாமல் போனது. பல மாதம் கழித்து அது மனைவியின் வீட்டுச் செருப்பின் அடியில் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றுமுதல் அவர் வெள்ளைத் தலையணை உறை ஒன்றை விரிக்காமல் எதையும் திறப்பதில்லை. அவர் வேலை செய்யும்போது வீட்டில் யாரும் பெருக்குவதும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். புதுத் துப்பாக்கியோடு வரும் விசை எல்லோருக்கும் பொதுவாகச் செய்தது. கனமாக இருக்கும், இழுத்தால் கரகரக்கும். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு அது போதாது. வேறொரு கம்பெனி தனியாகச் செய்து விற்கும் நுட்பமான விசைப்பெட்டியை வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திக்கொள்வார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். உள்ளே இரண்டு எஃகு முனைகள், ஒன்றன் விளிம்பை ஒன்று நகக்கனத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும். தோட்டாவை அடிக்கும் ஊசியை நிறுத்தி வைத்திருப்பது அந்த நகக்கனம்தான். விரல் இழுத்தால் அது விலக வேண்டும். வேறு எதற்கும் விலகக் கூடாது.

"கதவுத் தாழ்ப்பாள் பாக்கற வேலைதான்," என்பார் தூசி அண்ணன். "ஆனா தாழ்ப்பாளை யாரும் வாரத்துக்கு ஒருதரம் கழட்டிக் கொஞ்சறதில்ல. அதனால அது உழைக்குது."

கிளப்பில் ஒரு தையற்காரர் இருக்கிறார். தன் மெஷின் இத்தனை வருஷம் ஓடுவதற்கு எண்ணெய்தான் காரணம் என்று நம்புகிறவர். அதே பாசத்தோடு விசைப்பெட்டிக்கும் வாராவாரம் எண்ணெய் விட்டார். எண்ணெயில் தூசி ஒட்டியது, தூசியில் மேலும் எண்ணெய் விழுந்தது. கடைசியில் உள்ளே களிம்பாகி, இழுத்த விசை திரும்பி வராமல் அப்படியே படுத்துக்கொண்டது. தூசி அண்ணன் அதை லைட்டர் பெட்ரோலில் குளிப்பாட்டி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ரப்பர் குமிழால் காற்றடித்து உலர்த்தினார். திரும்பக் கொடுக்கும்போது, "உங்க மெஷினுக்குச் சாப்பாடு, இதுக்கு விரதம்," என்றார். தையற்காரர் இப்போதும் நம்பவில்லை. ஆனால் எண்ணெய் விடுவதில்லை.

அந்த ஆள்காட்டி விரலை அவர் பார்த்துக்கொள்கிற விதம் தனிக்கதை. டீ தம்ளரை இடது கையால்தான் எடுப்பார். பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் அந்த ஒரு விரலுக்கு மட்டும் ரப்பர் உறை போட்டுக்கொள்வார். சூடு பட்டாலோ தோல் ஊறினாலோ மணல் தெரியாதாம். "ஒரு விரலுக்கு வாக்கப்பட்டு வந்திருக்கேன்," என்பது மனைவியின் குறை. "மிச்சமெல்லாம் இனாமா வந்தது."

பொருத்திய விசையை அவர் சோதிக்கும் முறை கீழ்வீட்டு அம்மாளுக்கு நன்றாகத் தெரியும், காரணம் தெரியாது. வெறும் துப்பாக்கியில் ஊசியை ஏற்றி வைத்து, மடித்துப் போட்ட பாயின்மேல் அடிக்கட்டையை 'தொம்' என்று இடிப்பார். பிறகு தோட்டா போகும் வாயை மூடும் போல்ட்டை வேண்டுமென்றே படாரென்று சாத்துவார். பிறகு மறுபடி 'தொம்'. எதற்கும் ஊசி விழக் கூடாது. கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுன்னாலும் என்கிட்ட சொல்லும்மா," என்கிறார். மனைவியும், "பழகிப்போச்சுங்க," என்று சொல்லிவிட்டு வருகிறார்.

எல்லாம் சரி என்றானதும் கடைசியாகத் திருகுகளின் தலையில் ஒரு பொட்டு. மனைவியின் நகப்பூச்சிலிருந்து எடுத்த சிவப்புப் பொட்டு. திருகு தானாக அசையாது. யாராவது அசைத்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மனைவி அந்த நிறத்தைத் தன் விரலில் போட்டுப் பல வருஷம் ஆகிறது. கிளப்பில் பாதித் துப்பாக்கிகள் போட்டிருக்கின்றன.

போட்டி நாட்களில் அவர் வாசலோர மேசையில் உட்கார்ந்திருப்பார். முத்திரை குத்திய எடைக்கல் ஒன்று பக்கத்தில் இருக்கும். சுட வருகிற ஒவ்வொருவரும் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். ஊசியை ஏற்றி, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் கல்லைத் தொங்கவிடுவார். விசை தாங்கினால் உள்ளே போகலாம். கல்லோடு சேர்ந்து விசை சாய்ந்தால் விதி அனுமதிப்பதைவிட லேசு என்று அர்த்தம், கொடுத்தவர் அன்றைக்கு வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார். அந்த நேரத்தில் தூசி அண்ணனின் முகத்தைப் பார்த்தால் கல் எது, அவர் எது என்று சொல்ல முடியாது.

எத்தனையோ ஆண்டுகளாகக் கிளப் அணியில் அவர் மாற்று ஆள். அணிக்கு நான்கு பேர். நான்கில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இவர் இறங்குவார். யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. இந்த முறை நான்காவது இடத்துக்குத் தேர்வானது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பெயரைப் படித்தபோது கிளப்பில் ஒரே சிரிப்பு. "அண்ணே, மச்சானுக்குக் காய்ச்சல் வரவைக்கறதுக்கு வீட்லயே வழி இருக்கே," என்றார் தையற்காரர். தூசி அண்ணன், மைத்துனன் உடம்பு எஃகு, தூசிகூட ஒட்டாது என்றார்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் மைத்துனன் துப்பாக்கியோடு வந்து நின்றான். போல்ட்டைச் சாத்தியதும் விரல் படாமலே ஊசி விழுகிறதாம். எப்போதும் இல்லை, எப்போதாவது. பயிற்சியில் நல்ல வேளையாகத் தோட்டா போடாமல் சாத்தியபோது நடந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை மாமா, பொட்டு அப்படியே இருக்கிறது பாருங்கள் என்றான்.

பொட்டு அப்படியேதான் இருந்தது. தூசி அண்ணன் லென்ஸை வைத்துப் பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்னோடது இல்ல," என்றார். "என்னோடதுல மினுமினுப்பு கிடையாது. இது இவன் பொண்டாட்டி போடறது."

மைத்துனன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விசை இன்னும் சட்டென்று விடுபட்டால் கை ஆடாது என்று நினைத்து, அந்த நகக்கனத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிப்புத் திருகைக் கொஞ்சம் குறைத்தானாம். நன்றாக இருந்ததாம். அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்தானாம். பிறகு பெட்டியைத் திறந்து, விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாக ஒரே ஒரு தேய்ப்பு தேய்த்தானாம். அந்த ஒரே ஒரு தேய்ப்பில்தான் தூசி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடப்பாவி, அதுல கத்தி தீட்டினியா?" என்றார் அக்கா.

எஃகின் மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே மெது. மேல்தோல் போனால் விளிம்பு பொடிந்துகொண்டே வரும். நகக்கனம் பாதியாகி, பாதி இல்லாமலாகி, கடைசியில் போல்ட் சாத்துகிற அதிர்ச்சிக்கே விலகிவிடும். தூசி அண்ணன் திருகைத் திருப்பிக் கூட்டிப் பார்த்தார். 'தொம்'. ஊசி நின்றது. படாரென்று சாத்தினார், நின்றது. இன்னொரு முறை சாத்தினார், விழுந்தது.

"செத்துப்போச்சு," என்றார்.

துப்பாக்கியோடு வந்த பழைய விசையைக் கேட்டார். வீடு மாறியபோது அது போன இடம் தெரியவில்லை. புதியது வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். வேறு துப்பாக்கியை வாங்கிச் சுடலாம் என்றால், மைத்துனன் இடதுகைக்காரன். போல்ட் முதல் கன்னம் வைக்கும் கட்டைவரை எல்லாம் அந்தக் கைக்கென்று செதுக்கியது. கிளப்பில் அப்படி வேறொன்று இல்லை. மைத்துனன் வெறும் கையோடு எழுந்து, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். இறங்கும்போது, "நீங்க போங்க மாமா. நியாயமாப் பாத்தா உங்க இடம்தான் அது," என்றான். அவன் குரலில் நியாயம் கொஞ்சம்கூட இல்லை.

மத்தியானம் கிளப் செயலாளர் போன் செய்தார். மச்சான் துப்பாக்கி தகராறு என்று காதுக்கு வந்ததாம். தகராறு என்றால் பட்டியலில் பெயரை மாற்ற வேண்டும், அண்ணன் இத்தனை வருஷம் காத்திருந்ததற்குக் கைமேல் பலன் என்று சந்தோஷமாகச் சொன்னார். செத்துப்போன விசைப்பெட்டி தூசி அண்ணனின் முன்னால் தலையணை உறையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர், இன்னும் திறந்து பார்க்கவில்லை, சாயங்காலம் சொல்கிறேன் என்றார்.

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போனா எந்தம்பி வீட்ல உக்காந்து அழுவான். அவன் போனா நீங்க அழக்கூட மாட்டீங்க, இப்படியே உக்காந்திருப்பீங்க. நான் எந்தப் பக்கம் சாயறது?"

"நீ ஏன் சாயற? கல்லைத் தொங்கவிட்டா சாயறதுதான் சாயணும்."

அந்த அம்மாளுக்கு இது புரியவில்லை. அவருக்கும் முழுக்கப் புரிந்திருக்காது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து தன் சொந்தத் துப்பாக்கியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

அதிலிருக்கும் விசைப்பெட்டியை அவர் வாங்கிய காலத்தில் மைத்துனன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அது ஒரு நாளும் எண்ணெய் பார்த்ததில்லை, சாணைக்கல் பார்த்ததில்லை. கிளப்பில் தெரிந்தவர்கள் வந்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கக் கேட்பார்கள். அவரும் கொடுப்பார். கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் அது விடுபடும். துப்பாக்கி எந்தக் கைக்கு என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இரண்டு சின்ன ஆணிகளைத் தட்டினால் கழன்று வரும், எதிலும் உட்காரும்.

தட்டினார். கழன்று வந்தது. தன் துப்பாக்கியின் வயிற்றில் இருந்த ஓட்டையைத் துணியால் துடைத்துவிட்டு அலமாரியில் திரும்ப வைத்தார். பெட்டியை மைத்துனனின் துப்பாக்கியில் உட்கார்த்தினார். பிடிப்பைப் பார்த்தார், எடையைப் பார்த்தார். கல்லைத் தொங்கவிட்டார், தாங்கியது. இடித்தார், சாத்தினார், மறுபடி இடித்தார். கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. செயலாளருக்குப் போன் போட்டு, "தூசிதான். எடுத்தாச்சு. பேரை மாத்த வேண்டாம்," என்றார். அவர் சொன்ன பொய்களில் அவ்வளவு சின்னது வேறில்லை என்கிறார் மனைவி.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மைத்துனன் வந்தான். சட்டையை மாற்றியிருந்தான், முகத்தை மாற்ற முடியவில்லை. தூசி அண்ணன் துப்பாக்கியை மேசைமேல் நகர்த்தினார். அவன் எடுத்து, ஊசியை ஏற்றி, சுவரைப் பார்த்துக் குறி வைத்து இழுத்தான். 'டிக்'. மறுபடி ஏற்றி இன்னொரு முறை இழுத்தான். பிறகு மெதுவாக அதை மேசைமேல் திரும்ப வைத்தான். அந்த இழுப்பு கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த இழுப்பு.

"மாமா, இது..."

"பொட்டு வைக்கல," என்றார் தூசி அண்ணன். "தோணுச்சுன்னா திருகிக்கோ."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொடமாட்டேன் மாமா."

"சரி, நேரமாகுது."

போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். சுடுமிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் உள்ளே எட்டிப் பார்த்து, தோட்டா இல்லை, காலி என்று வாயால் சொன்ன பிறகுதான் கொடுக்கிறவன் கையை விடுவான். மைத்துனன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆனால் உள்ளே பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தூசி அண்ணனும் விடவில்லை. ஒரு துப்பாக்கியை நாலு கை பிடித்துக்கொண்டிருந்தது.

"என் மூஞ்சில என்னடா இருக்கு? உள்ள பாரு."

மைத்துனன் குனிந்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தபடியே இருந்தான்.

"காலி," என்றான்.

தூசி அண்ணன் கையை விட்டார்.