உளுந்தின் மேல் கார் ஏற்றிய மாப்பிள்ளை

போன வாரம், காணும் பொங்கலன்று, என் மாப்பிள்ளையின் புது கார் விளாத்திகுளம் ரோட்டோரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. பக்கத்திலேயே நல்ல தார் ரோடு! அதை விட்டுவிட்டு ஒருவர் ஏன் சேற்றில் இறங்க வேண்டும்?

எல்லாம் மரியாதை படுத்திய பாடு. அவர் உளுந்துக்குக் காட்டிய மரியாதை. நான் அவருக்குக் காட்டிய மரியாதை.

தலைப்பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "கடல் பாக்கப் போலாமுங்களா அத்தை?" என்றார் மாப்பிள்ளை. அங்கே இல்லாத ஒரே பொருள் அதுதானே! என் வீட்டுக்காரர் பொங்கல் மயக்கத்தில் கட்டிலை விட்டு எழவில்லை. புளியோதரையைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வேம்பாருக்குக் கிளம்பினோம்.

நாலுவழிச் சாலையில் ஏறியிருந்தால் தூத்துக்குடிக் கடலுக்கே சர்ரென்று போயிருக்கலாம். எனக்கென்னவோ கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், வேம்பார் என்று போகும் இந்த மாநில நெடுஞ்சாலைதான் பிடிக்கும். நாலுவழிச் சாலையில் ஊர்கள் போர்டில் மட்டும்தான் வரும். இங்கே ஊர், ரோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு டீக்கடை, பெயின்ட் போன ஒரு வேகத்தடை, நடு ரோட்டில் நின்று யோசிக்கும் ஓர் ஆடு... யாருக்கு என்ன அவசரம்?

எட்டயபுரத்தில் டீ குடித்தோம். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல் காடு. கொஞ்ச தூரத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. பிடுங்கி, காயவைத்து, நெற்றோடு கிடந்த செடி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... ரோட்டில் செடியைப் போட்டால் அதன் மேல் வண்டி ஏற வேண்டும். ஏறினால்தான் நெற்று உடைந்து பயறு உதிரும். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் சொல்லாமலே ஏற்றிவிட்டுப் போவார்கள். ரோட்டில் போடாதே, பைக்கில் வருகிறவன் சறுக்கி விழுவான் என்று போலீஸ் சொல்லத்தான் செய்கிறது. அதுவும் நியாயம்தான். ஆனால் ஊரில் களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஐயோ, திங்கற பொருளுங்க அத்தை!" என்று பதறி பிரேக்கைப் போட்டார். எதிரே ஒரு டவுன் பஸ் வேறு வந்துகொண்டிருந்தது.

எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது. 'ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கல்யாணம் ஆகி வரும் முதல் பண்டிகை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மாப்பிள்ளை. மாமியார் அதிகாரம் பண்ணுகிறாள் என்று பேர் வந்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

அவர் இடது பக்கம் மண்ணில் இறக்கினார்.

கரிசல் மண் மேலே பார்த்தால் வெடித்துக் காய்ந்து கிடக்கும். நம்பிக் காலை வைத்தால் உள்ளே கேப்பைக் களி. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். அந்த உளுந்துக்குச் சொந்தக்காரி. பெயர் செல்லத்தாய்.

"ஏந் தம்பி, இம்புட்டு ரோடு கெடக்கையில எதுக்கு ஓரத்துல எறக்குனீய?"

"உங்க உளுந்து நசுங்கிருமுங்களேன்னு..."

"நசுங்கட்டுமுன்னுதான போட்டிருக்கேன்!" அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "காலையில இருந்து நாயா காத்துக் கெடக்கேன். பொங்க லீவு, ஒரு லாரியக் காணும். இந்தப் பக்கமா வாரதெல்லாம் காரு. எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போறாவ. மானத்தப் பாத்தீயளா?"

பார்த்தேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"செடி அடிக்கிற மிசினு நாளைக்குத்தான் வருமாம்க்கா" என்றாள் என்னிடம். "முந்துன மழையில பாதிச் செடி அழுகிட்டு. மிச்சம் இது ஒண்ணுதான். இதும் நனைஞ்சா கறுத்து முளை விட்டுரும். ஒரு வருசப் பாடும் போச்சு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவள் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை, அள்ளிவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். தள்ளினார்கள். கார் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. வெள்ளைக் கார் பாதி கறுப்பாக நின்றது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இப்ப என்னங்க அத்தை பண்றது?"

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன மனுஷி?

"ஏத்துங்க மாப்பிள்ளை!"

ஏற்றினாரே பார்க்க வேண்டும்! முன்னால் போனார், ரிவர்ஸில் வந்தார். மறுபடி முன்னால். நெற்று படபடவென்று வெடித்தது. செல்லத்தாய் கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "அந்த ஓரம் தம்பி! இன்னும் இங்கன!" என்று கத்தினாள். அச்சில் செடி சுற்றிக்கொண்டபோதெல்லாம் அவள் புருஷன் நிறுத்தச் சொல்லி, குனிந்து பிடுங்கிப் போட்டார். என் மகள் ரோட்டு நடுவில் நின்று, வருகிற கார்களை மறித்து, "மேல ஏத்திப் போங்கண்ணே!" என்று அதிகாரம் பண்ணினாள். பெண் யாரைப் போல என்று கேட்காதீர்கள்.

முதல் தூறல் விழும்போது நாங்கள் சக்கையை உதறித் தள்ளிக்கொண்டிருந்தோம். நான் வாரியலால் கூட்டினேன். தூற்றுவதற்கு நேரம் ஏது? தூசியும் தும்புமாக அப்படியே சாக்கில் அள்ளினோம். வீடு ஊருக்குள்ளே. தலைச்சுமையாக எடுத்துப் போனால் பாதி வழியில் நனைந்துவிடும்.

மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்தார். "இதுல வைங்க!"

"சீட்டெல்லாம் அழுக்காயிரும் தம்பி..."

"வைங்கக்கா மொதல்ல!"

டிக்கியிலும் பின் சீட்டிலும் சாக்குகளை ஏற்றினோம். கார் அவள் வீட்டு வாசலில் நின்றபோது மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ரோட்டின் கடைசி ஓரத்தில் கொஞ்சம் நனைந்து போனதுதான். மற்றதெல்லாம் வீட்டுக்குள் போய்விட்டது. செல்லத்தாய் சாக்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் என்ன வெட்கம்?

புளியோதரையை அவர்கள் வீட்டிலேயே பிரித்து, எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். வேம்பார் போகவில்லை. மாப்பிள்ளை கடல் பேச்சையே எடுக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ரிவர்ஸ் எடுத்த பெருமைதான்.

நேற்று மகள் போன் பண்ணினாள். "அம்மா, பின் சீட்டுக்குக் கீழ, மேட் ஓரத்துல, உளுந்து முளைச்சிருக்கும்மா! ரெண்டு எலை விட்டுருக்கு!"

பின்னாலேயே மாப்பிள்ளை குரல். "புடுங்கிப் போட்டறட்டுங்களா அத்தை?"

"புடுங்கவா? தண்ணி ஊத்துங்க மாப்பிள்ளை! அது எங்க ரோடு உங்களுக்கு வச்ச தலைப்பொங்கல் சீரு."