பாட்டில் பெட்ரோல்

கள்ளக்குறிச்சி பங்க்கில் விலை மறுபடியும் ஏறியிருந்தது. எரிச்சலோடு ஸ்கூட்டரின் மூடியைத் திறந்ததும் எழுந்த பெட்ரோல் வாடை, என்னைச் சங்கராபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி வராமல் பங்க் மூடிக் கிடந்தது. தெருமுனை மளிகைக்காரர் மட்டும் பாட்டில்களில் நிரப்பி வைத்திருந்த பெட்ரோலை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்.

"இன்னாங்க இது அநியாயம்?" என்றார் அப்பா.

"வேணும்னா வாங்குங்க சார், இல்லன்னா வண்டியத் தள்ளிக்கினு போங்க."

பள்ளி ஆசிரியரான அப்பா மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னால் போன எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் நின்று, "யாரும் அவர்கிட்ட வாங்காதீங்க" என்றார். மறுநாள் முதல் தெருவே சைக்கிள் மிதித்தது. அப்பா தினமும் வியர்வையில் சட்டை நனைய வந்து அம்மாவிடம் சிடுசிடுத்தார், ஆனால் வாங்கவில்லை.

இரண்டாவது வாரம் மளிகைக்காரரே வீடு தேடி வந்தார். "பழைய வெலைக்கே தரேன் சார். வெயில்ல ஆவியாப் பூடுது."

"எனக்கு மட்டும் வேணாம். தெருவுக்கே அந்த வெலன்னா வாங்கறோம்."

அவர் சரியென்று தலையாட்டினார்.

மரங்களை அகற்றி லாரிகள் ஓடத் தொடங்கிய மாதமே பங்க்கில் விலையை ஏற்றிவிட்டார்கள். விலைப்பலகையை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தாளுகிட்டயாவது சண்ட போட முடிஞ்சிது. இப்ப யாருகிட்டப் போயி கேக்கறது?" என்றவர், ஒரு லிட்டர் போடச் சொன்னார்.