பெயருள்ள முள்ளம்பன்றி

ஊரில் உங்கள் வீடுகளில் அம்மா கதை சொல்ல, பிள்ளை 'ம்' கொட்டும். மைசூரில் எங்கள் வீட்டில் அது தலைகீழ். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து நான் வெங்காயம் நறுக்கும்போது, ஐந்தாவது படிக்கும் என் மகள் ஜெனி சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கன்னடப் புத்தகத்தைக் கண்ணால் படித்து, வாயால் தமிழில் சொல்வாள். 'ம்' கொட்டுவது நான். எனக்குக் கன்னட எழுத்து தெரியாது, அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தொண்ணூற்றைந்தில் இந்த ஊர் விஜயநகர் பகுதிக்குக் குடிவந்தபோது, இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் அவள் அப்பாவும் சொல்லிக்கொண்டோம்.

கதை பாகம் பாகமாகப் போகிறது. ஓநாய்கள் பிடித்துக்கொண்ட கோட்டையை மீட்கச் சின்ன விலங்குகளின் படை ஒன்று கிளம்புகிறது. தலைவி ஒரு கீரி. படகு ஓட்டுவது நீர்நாய்கள். படைக்குச் சமைப்பவர் சிக்கண்ணா என்ற கிழட்டு முள்ளம்பன்றி. இதில் என்ன பைத்தியம் என்று முதலில் சிரித்தேன். கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துப்போனது. பொடி உடம்புகள் பெரிய காரியம் செய்கின்றன, பயப்படுகின்றன, வழியில் பலகாரம் தின்கின்றன. அந்தக் காட்டில் எல்லாருக்கும் ஒரே பாஷை. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று நாக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு, அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று தோன்றாதா?

விலங்குக் கதைதானே என்று நான் ஒரு காரியம் செய்தேன். லீவில் திண்டுக்கல் போனபோது தமிழில் நீதிக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, ஆசையாக உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு கதை கேட்டுவிட்டு ஜெனி கேட்டாள்:

"ஏம்மா, இந்த நரிக்குப் பேரே இல்லியா? அது வீட்ல யார் யார் இருக்காங்கன்னும் போடல."

"நரின்னா நரிதான் பாப்பா. ஏமாத்த வருது, அவ்வளவுதான்."

"பாவம்மா அது."

நான் புத்தகத்தை மூடினேன். வார்டில் எனக்கும் பெயர் கிடையாது. 'தமிழ் சிஸ்டர்'தான்.

அந்த முள்ளம்பன்றிக் கதை தமிழில் வந்திருக்கிறதா என்று வாடகைப் புத்தகக் கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விசாரித்தேன். அவர் மிகவும் அன்பாக, "தமிழ் பேப்பர் பஸ் ஸ்டாண்ட்ல சிகுத்தே, சிஸ்டர்" என்றார். ஊர் ஞாபகத்தில் தமிழில் ஏதோ படிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பேப்பர் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் என்கிறார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெனி ஐந்தாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"சிக்கண்ணா செத்துட்டாரும்மா" என்றவள், மேலே சொல்ல வராமல் கன்னடத்தில் கொட்ட ஆரம்பித்தாள். என் கன்னடம் வார்டுக் கன்னடம். எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு சாவுக்குத் துக்கம் விசாரிக்க முடியவில்லை.

"தமிழ்ல சொல்லும்மா, அம்மாவுக்குப் புரியல" என்றேன்.

இரண்டு தடவை முயன்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தமிழ்ல சொன்னா அவரு சும்மா முள்ளம்பன்றி ஆயிடறாரும்மா" என்றாள்.

அவளை இழுத்து அணைத்தேன். கொஞ்ச நேரம் எனக்காக இருந்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷனுக்குப் போனாள். அங்கே அவள் வகுப்புத் தோழி ஷோபா இருக்கிறாள். அவளும் அதே பாகத்தைப் படித்து முடித்தவள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முதலில் இரண்டு குரலும் கன்னடத்தில் கேட்டன, பிறகு இரண்டு அழுகையும். டியூட்டிப் புடவையைக்கூட மாற்றாமல் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதில் எது என் பிள்ளையின் அழுகை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.