வலப்பக்கத் திருப்பம்

என் அப்பாவும் சித்தப்பாவும் பனியில் சறுக்கப் பழகியது துபாயில். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பனியைக் கொட்டி வைத்திருக்கும் பெரிய அரங்கு ஒன்றில் இருவருக்கும் வேலை. வருகிறவர்களுக்குக் காலில் பலகை மாட்டிவிட வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு இவர்களையும் கொஞ்ச நேரம் சறுக்க விடுவார்களாம். அங்கே பிடித்த பித்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தும் இறங்கவில்லை. கழித்துப் போட்ட பலகைகளில் இரண்டு சோடியைக் கப்பலில் அனுப்பி, தூத்துக்குடிக்குப் போய் எடுத்து வந்தார்கள்.

திருச்செந்தூர்ப் பக்கத்தில் பனிக்கு எங்கே போவது? எங்கள் ஊருக்குப் பின்னால் தேரி கிடந்தது, மேடும் பள்ளமுமாகச் சிவந்த மணல். பலகையின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு அதன்மேல் ஏறிவிட்டார்கள். கொல்லாங்காட்டுக்கு முந்திரி பொறுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். பிறகு எங்கள் கடைக்கு வந்து, துபாய் வெயிலில் அண்ணன் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டதே என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

ஒருவர் சறுக்கி வருவார். மற்றவர் கீழே நின்று செல்போனில் படம் பிடித்து, வந்து நின்றதும் குறை சொல்வார்.

"பின்னால சாயுதிய அண்ணே. மணலுக்குப் பயந்தா எப்பிடி?" என்பார் சித்தப்பா.

அப்பா சிரித்துக்கொண்டே மறுபடி ஏறுவார். தம்பியின் முறை வரும்போது அவரும் விடமாட்டார். முழங்கால் மடங்கவில்லை, கண் பலகையையே பார்க்கிறது என்று அடுக்குவார். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. சித்தப்பா இப்படிப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அழுதே விட்டேன். அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவன் என்னையா சொல்லுதான்? என் காலைல்லா சொல்லுதான்" என்றார்.

அடுத்த விடுமுறையில் அப்பாவுக்கு வலப்பக்கம் திரும்ப வரவில்லை. அதற்கு இடது காலில் எடை விழ வேண்டுமாம். சித்தப்பா நாள் தவறாமல் அதையே சொல்லி நச்சரித்தார். அப்பா திரும்பத் திரும்ப ஏறி, அதே இடத்தில் விழுந்தார். ஒரு சாயங்காலம் சித்தப்பா அன்றைய படத்தைப் பார்த்தார். பிறகு போன விடுமுறையில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். அன்று அவர் குறை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பாவைத் திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். நரம்பில் கொஞ்சம் பலவீனம், சரியாகிவிடும் என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அப்பா துபாய்க்குத் திரும்பவில்லை. சித்தப்பா மட்டும் போய், மறு வருடம் வந்தார். அதற்குள் அப்பா சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். தேரிக்குப் போகணும் என்று தம்பியிடம் கேட்டார். அம்மா முதலில் கத்தினாள். பிறகு தானே கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தாள். அன்றைக்குப் பிறகு அப்பா தேரியில் ஏறவில்லை. அந்த வருட ஐப்பசி மழைக்கு அவர் இல்லை.

அன்று சித்தப்பா அவரைத் தாழ்ந்த சரிவு ஒன்றில் நிறுத்தி, பலகையை மாட்டி, இடுப்பைப் பிடித்து மெல்ல விட்டார். அப்பா கொஞ்ச தூரம் நேராக வந்தார். வலப்பக்கம் திரும்ப முயன்றார். இடது கால் துவண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ஓடிவந்து பக்கத்தில் குந்தினார்.

"எப்பிடில இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார்.

"நல்லாருந்துச்சுண்ணே."

"தப்பு என்னன்னு சொல்லுல."

சித்தப்பா குனிந்து பலகையின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தப்பு ஒண்ணும் இல்லண்ணே."

நான் கைதட்டினேன். சித்தப்பா ஒருவழியாக மரியாதை கற்றுக்கொண்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவும் சந்தோஷப்படுவார் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைத் தம்பியின் தோளில் வைத்துக்கொண்டு அழுதார். எத்தனை குறை சொன்னாலும் சிரிக்கிறவர், நன்றாக இருந்தது என்றதற்கு ஏன் அழுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றாள். நானும் நம்பி, அப்பா கண்ணை ஊதிவிடப் போனேன்.